கைதவறிய பாத்திரமும் கணக்கில் தவறிய ஆளும்



இந்த வாரம் உங்கள் வீட்டில் என்ன உடைந்தது? என்ன சிந்தியது? எந்த பஸ் தவறியது? கேள்வி வேடிக்கையாய்த் தோன்றலாம். ஆனால் திங்கள் முதல் சனி வரை ஒரு குடும்பத்தில் நடப்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். விருந்தாளி வரும் நாள் பார்த்துப் பால் திரிந்துபோகிறது. ஞாயிறு காலை முதல் பூசைக்குப் புறப்படும் நேரத்தில் கேஸ் தீர்ந்துவிடுகிறது. குழாயில் தண்ணீர் வருகிற நாளில் மோட்டார் மக்கர் பண்ணுகிறது. பரீட்சைக்குப் போகிற பையனுக்குப் பாதி வழியில் சைக்கிள் செயின் கழன்றுவிடுகிறது. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன பெண், காலையிலிருந்து குனிந்து அடுக்கிய கட்டை கைதவறி விழ, குச்சிகளெல்லாம் தரையில் சிதறக் கண்டு திகைத்து நிற்கிறாள். களத்தில் காயப்போட்ட மிளகாய் வற்றலின் மேல், மாதக்கணக்காய் எட்டிப்பாராத மழை அன்றைக்கென்று வந்து கொட்டுகிறது.

அப்போது என்ன சொல்லுகிறோம்? ஒரு வீட்டில் "யார் கண் பட்டதோ" என்பார்கள். இன்னொரு வீட்டில் "முன்னே செய்த பாவம்" என்பார்கள். பக்தியுள்ள வீட்டில் "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று பெருமூச்சு விடுவார்கள். இந்த மூன்றைக் காட்டிலும் அதிகமாய் வழங்கும் வார்த்தை ஒன்று உண்டு. அது "எல்லாம் உன்னாலேதான்" என்பது.

துன்பத்தில் ஞானப் பாடம் உண்டென்று ஞான நூல்கள் சொல்லுகின்றன. உண்மைதான். பெரிய வியாதி, மரணம் இவற்றைப் பற்றி அநேக பிரசங்கங்கள் கேட்டிருக்கிறீர்கள். சில்லறைத் துன்பங்களைப் பற்றி அவ்வளவு கேட்டிருக்க மாட்டீர்கள். நமக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை சில்லறையாகவே வருகின்றன. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். ஒரே சம்பவத்திலிருந்து நல்ல பாடமும் கற்கலாம். முழுத் தப்பான பாடமும் கற்கலாம். தப்பாய்க் கற்பதைவிட ஒன்றும் கற்காமலே இருப்பது உத்தமம்.

தப்பாய்க் கற்கும் விதத்தை நமக்குக் காட்ட, இந்தக் கரிசல் சீமையிலேயே நடமாடிய ஓர் ஆசிரியர் இருக்கிறார். இத்தாலியா தேசத்தில் 1680-ம் வருஷம் பிறந்து, சேசு சபையில் சேர்ந்து, 1711-ம் வருஷம் மதுரை மிஷனுக்கு வந்த கொன்ஸ்தான்சு யோசேப் பெஸ்கி சுவாமியார்தான் அவர். வீரமாமுனிவர் என்றால் எல்லாருக்கும் தெரியும். நம் கோவில்பட்டிக்கு அருகில், ஆகஸ்ட் 15-ம் தேதி பரலோக மாதா திருநாளுக்கு நீங்கள் குடும்பத்தோடு போகிறீர்களே, அந்தக் காமநாயக்கன்பட்டியில் உழைத்தவர். தேம்பாவணியைப் புகழுகிறவர்கள் நம்மில் அநேகர், படித்தவர்கள் சிலர். ஆனால் அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். 1822-ம் வருஷம் லண்டன் பட்டணத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக அது அச்சேறியது.

அதைச் சிரிப்புக் கதை என்பார்கள். சிரிப்புக் கதைதான். முனிவர் அதை ஞானப் பாடமாகவே எழுதினார் என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆயினும் கதையை ஊன்றிப் பாருங்கள். ஆற்றைக் கடப்பது, தலைப்பாகை விழுவது, குதிரை இடறுவது, மழையில் நனைவது: எல்லாம் அன்றாட இடைஞ்சல்கள். அந்தக் குருவும் ஐந்து சீஷர்களும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாடம் கற்கிறார்கள்; ஒவ்வொரு தடவையும் தப்பாகவே கற்கிறார்கள்.

முதலில் ஆற்றங்கரைக்கு வருவோம். ஆறு பொல்லாதது, அது விழித்திருக்கும்போது இறங்கினால் ஆபத்து என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஒரு சீஷன் எரிகிற கொள்ளிக்கட்டையைக் கொண்டுபோய்த் தண்ணீரில் வைக்கிறான். சுர்ரென்று சத்தமிட்டுப் புகை எழும்புகிறது. "ஐயையோ, ஆறு விழித்துக்கொண்டு சீறுகிறது" என்று ஓடிவருகிறான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவன் அதே கொள்ளிக்கட்டையை எடுத்துப் போகிறான். அது முன்னமே அவிந்துபோனது. தண்ணீரில் வைத்தால் சத்தமில்லை, புகையில்லை. "ஆறு தூங்குகிறது, வாருங்கள்" என்கிறான். எல்லாரும் சந்தோஷமாய் இறங்குகிறார்கள்.

சிரிக்கிறோம். ஆனால் நாம் சர்வேசுரனைப் பற்றி எத்தனை தடவை இப்படியே தீர்மானித்திருக்கிறோம்! ஒரு காரியம் கெட்டால் ஆண்டவர் கோபமாயிருக்கிறார் என்கிறோம். நாலு நாள் எல்லாம் ஒழுங்காய் நடந்தால் அவர் நம்மைப் பாராமல் இருக்கிறார் என்பதுபோல் இஷ்டத்துக்கு நடக்கிறோம். அன்றைக்கு மழை பெய்தது, இன்றைக்குப் பெய்யவில்லை, அவ்வளவுதான் நடந்தது. சூடெல்லாம் நம் கையிலிருக்கிற கொள்ளியில், ஆற்றிலே ஒன்றுமில்லை.

அந்தக் குரு இன்னொரு காரியத்திலும் அகப்பட்டுக்கொண்டார். ஆசனம் குளிர்ந்தால் மரணம் கிட்டியது என்று வழிப்போக்கன் ஒருவன் சொன்னதை வேதவாக்காய் நம்பினார். அதன்பிறகு நனைந்தபோதெல்லாம் தமக்குச் சாவு வந்துவிட்டதென்று நடுங்கினார். நம் வீடுகளில் சகுனம் பார்ப்பது இந்த ரகத்தைச் சேர்ந்ததுதான். புறப்படும்போது நிலைப்படி தட்டினால் அபசகுனம். எண்ணெய் கொட்டினால் அபசகுனம். பல்லி விழுந்தால் எந்தப் பக்கம் விழுந்தது என்று காலண்டரைப் புரட்டுகிறோம். ஞானஸ்நானம் பெற்றவர்கள் வீட்டிலா இது? உண்டு என்பது உங்களுக்கே தெரியும். முதலாம் கற்பனைக்கு விரோதம் என்று ஞானோபதேசத்தில் சின்ன வயதிலேயே படித்தோம். சகுனம் பார்க்கிறவன் இடைஞ்சலிலிருந்து பாடம் கற்பதே இல்லை. நிலைப்படி உயரமா, வெளிச்சம் போதவில்லையா, நாம் அவசரப்பட்டோமா என்று பாராமல், இனி என்ன வருமோ என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பான்.

இதைக் காட்டிலும் பொல்லாத வாசிப்பு ஒன்று இருக்கிறது. அது அயலான் வீட்டு இடைஞ்சலை நாம் வாசிப்பது.

2018-ம் வருஷம் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி அது. 2016-ல் ஆப்பிரிக்காவில் காணப்பட்டு, 2018-ல் இந்தியாவுக்குள் நுழைந்து, நம் மானாவாரிப் புஞ்சைகள் வரைக்கும் வந்து குருத்தைத் தின்றது. பிறகு 2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். மழைக்காக வானத்தைப் பார்த்தே பழகிய நம் பக்கத்துப் புஞ்சைகளிலும் தண்ணீர் தேங்கி, உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் மிளகாயும் அழுகின. இப்படிப்பட்ட காலங்களில் நம் வாயிலிருந்து வருகிற வார்த்தைகளைக் கேளுங்கள். "அவன் தம்பியை ஏமாற்றிப் பிடுங்கின நிலந்தானே, நிலைக்குமா?" "வட்டிக்கு விட்டவன் வீட்டிலே தண்ணீர் புகுந்தது, பார்த்தீர்களா?" "அவர்கள் கோவிலுக்கே வருகிறதில்லையே!" அதே மழை ஜெபமாலை தவறாத விதவையின் அரைக் குறுக்கத்தையும் அழித்தது. அதற்கு மாத்திரம் நமக்கு வியாக்கியானம் கிடைப்பதில்லை.

சேசுநாதர் சுவாமி காலத்திலும் இப்படிப்பட்ட வியாக்கியானிகள் இருந்தார்கள். அர்ச். லூக்காஸ் எழுதின சுவிசேஷம் 13-ம் அதிகாரத்தை இன்று எடுத்து வாசியுங்கள். எருசலேமில் சீலோவே என்ற இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். மற்ற எல்லாரையும்விட அவர்கள் அதிகக் குற்றவாளிகளா என்று ஆண்டவரே கேள்வி கேட்டு, இல்லையென்று தாமே விடையும் கூறினார். அதோடு நிற்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றவர்கள் பக்கமாய்த் திரும்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 9-ம் அதிகாரத்திலும் அப்படியே. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், பாவஞ் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்கிறார்கள். இவனுமல்ல, பெற்றவர்களுமல்ல என்று சொல்லி, அவர்களுடைய ஆராய்ச்சியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார்.

அயலான் புஞ்சையில் விழுந்த புழுவுக்கு அர்த்தம் சொல்லும் வேலையை யாரும் உங்களுக்குக் கொடுக்கவில்லை. அவனுக்கு விதை வாங்கக் கைமாற்றுக் கொடுக்க உங்களால் கூடுமா? கூடுமானால் கொடுங்கள். கூடாதென்றால், அவன் திண்ணையில் அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

அப்படியானால் நமக்கு வருகிற இடைஞ்சலை எப்படி வாசிக்கிறது? இதற்கும் அந்த ஆற்றங்கரையே உதவும். அவர்கள் ஆற்றைக் கடந்தபிறகு, எல்லாரும் வந்து சேர்ந்தோமா என்று ஒருவன் எண்ணுகிறான். குருவும் சீஷர்களுமாய் ஆறு பேர். எண்ணினால் ஐந்துதான். எத்தனை தரம் எண்ணினாலும் ஐந்துதான். ஒருவனை ஆறு விழுங்கிவிட்டதென்று எல்லாரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், ஆற்றைச் சபிக்கிறார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும்: எண்ணுகிறவன் தன்னை எண்ண மறந்தான். வழியே போன ஒருவன் பணம் பேசிக்கொண்டு, ஒவ்வொருவன் முதுகிலும் ஓர் அடி வைத்தான். அடிபட்டவன் ஒவ்வொருவனும் வாய்விட்டுத் தன்னைச் சொன்னபோது ஆறு பேரும் கணக்கில் வந்து சேர்ந்தார்கள்.

இந்தக் கட்டத்தை நினைக்குந்தோறும் நம் ஆத்தும சோதனைதான் நினைவுக்கு வருகிறது. குடும்பத்தில் ஒரு காரியம் கெட்டுப்போனால் கணக்கெடுக்க நமக்கு நொடிகூட ஆகாது. மனைவி கவனிக்கவில்லை, மகன் விளையாடினான், மருமகள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மாமியார் குறுக்கே வந்தாள். கணக்கு முடிந்தது. ஓர் ஆள் மாத்திரம் குறைகிறது. அந்த ஆள் முதுகில் ஏதாவது தட்டினால் ஒழியக் கணக்கில் சேரமாட்டான்.

ஆண்டவர் தடியெடுத்துக்கொண்டு பாலைச் சிந்தச் செய்கிறார் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். பால் சிந்தினது கை வழுக்கினதாலே. ஆனால் சிந்தின உடனே நம் வாயிலிருந்து ஒரு சொல் புறப்படுகிறதே, அது வழுக்கி விழுந்த சொல்லல்ல. அது முன்னமே உள்ளே இருந்தது. சாவகாசமாய் இருக்கும்போது நாமே நம்மைப் பற்றி ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறோம்: பொறுமைசாலி, பிள்ளைகள்மேல் பிரியமானவன், பணத்தைப் பெரிதாய் எண்ணாதவன். அரை லிட்டர் பால் தரையில் ஓடுகிற அந்த ஒரு நிமிஷத்தில் உண்மையான ஆள் வெளியே வந்து நிற்கிறான். அவனை நன்றாய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு தியானத்தில் மூன்று நாள் உட்கார்ந்தாலும் அவ்வளவு தெளிவாய் அவன் முகம் தெரியாது.

அந்த முதல் நிமிஷத்தின் விலையை நம் மண்ணைக் கொண்டே அறிந்துகொள்ளலாம். சித்திரை, வைகாசியில் கரிசல் புஞ்சையைப் பார்க்கும் வெளியூர்க்காரன், "நிலம் பாழாய்ப் போயிற்றே" என்பான். கை முழுதும் உள்ளே போகுமளவுக்கு வெடித்துக் கிடக்கும். சம்சாரிக்குத் தெரியும், அது பாழல்ல. காய்ந்த மேல்மண் பொடிந்து பொடிந்து அந்த வெடிப்புக்குள் விழும். அடிமண் மழையில் உப்பி மேலே வரும். ஏர் கட்டாமலே மண் தன்னைத்தான் புரட்டிக்கொள்ளும். ஆதலால்தான் மண்ணைப் படித்தவர்கள் இதற்குத் தன்னைத்தானே உழுகிற மண் என்று பேரிட்டார்கள். இன்னும் ஒரு விசேஷம். முதல் மழை விழும்போது தண்ணீர் அந்த வெடிப்புகளின் வழியாய்ச் சரசரவென்று ஆழத்துக்கு இறங்கும். மண் நனைந்து உப்பிவிட்டால் வெடிப்பு மூடிக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் மெல்ல மெல்லத்தான் உள்ளே போகும். மிச்சம் ஓடையில் ஓடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஆழத்தில் பிடித்துவைத்த அந்த ஈரத்தைக் குடித்துத்தான் மழை நின்ற தை, மாசியில் பருத்தியும் கொண்டைக்கடலையும் மல்லியும் நிற்கின்றன. 1901-ம் வருஷம் தொடங்கப்பட்ட நம் ஊர் விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் வேலையில் பெரும்பங்கு, இந்த ஈரத்தை வீணாக்காமல் பயிருக்குச் சேர்க்கும் வழியைத் தேடுவதுதான். மழைக்கு முன்னமே புழுதியில் விதைப்பது எதற்கு? முதல் ஈரம் தவறிவிடக்கூடாது என்பதற்குத்தான்.

நம் திட்டம் உடைகிறபோது மனதில் ஒரு வெடிப்பு விழுகிறது. அது திறந்திருக்கிற நேரம் கொஞ்சம். "ஆண்டவரே" என்று ஒரு சொல் அப்போது உள்ளே இறங்கினால் இறங்கினதுதான். கோபமும் சமாதானமும் சாக்குப்போக்குமாய் அது மூடிக்கொண்டபின், ராத்திரி ஐம்பத்துமூன்று மணி சொன்னாலும் மேலோடு ஓடிவிடுகிறது. அதற்காக ராத்திரி ஜெபமாலையை விட்டுவிடச் சொல்லவில்லை!

இப்படி ஒரு சிறு ஏமாற்றத்தின் வெடிப்பு வழியாய் இறங்கினது எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம். 1521-ம் வருஷம் மே மாதம் பாம்பலோனா கோட்டைச் சண்டையில் இஞ்ஞாசியார் என்ற போர்வீரருக்குப் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தது. அதனாலே அவர் மனந்திரும்பினார் என்று பொதுவாய்ச் சொல்லிவிடுகிறோம். கால் முறிந்தும் அவர் மனது முறியவில்லை. எலும்பு துருத்தினால் அழகு கெடுமென்று அதை அறுக்கச் சொல்லித் தாங்கிக்கொண்டவர் அவர். படுக்கையில் பொழுது போக, வீரர்களுடைய காதல் கதைகளைக் கேட்டார். அந்த வீட்டில் அந்தப் புத்தகங்கள் இல்லை. சேசுநாதர் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்கள் சரித்திரமுந்தான் இருந்தன. வேறு வழியில்லாமல் அவற்றை வாசித்தார். கேட்ட புத்தகம் கிடைக்கவில்லை, நடந்தது இவ்வளவுதான்! அதிலிருந்து 1540-ல் சேசு சபை உண்டாயிற்று, 1542-ல் அர்ச். சவேரியார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார்; பின்னால் வீரமாமுனிவர் காமநாயக்கன்பட்டிக்கு வந்தார்.

அர்ச்சியசிஷ்டவர்களுக்கு இதெல்லாம் கூடும், வீடு வாசலுள்ள நமக்குக் கூடுமா என்பீர்கள். ஆகையால் சமையல், சலவை, விளக்கு என்று நம்மைப்போல் சில்லறைக் காரியங்களில் உழன்றவரைப் பார்ப்போம். 1873-ம் வருஷம் பிறந்து, 24 வயதில் 1897-ம் வருஷம் மரித்த அர்ச். குழந்தை தெரேசம்மாள் தம் வரலாற்றில் என்ன எழுதி வைத்திருக்கிறார்? அற்புதங்கள் அல்ல. அழுக்குத் தண்ணீரைப் பற்றி எழுதுகிறார். மடத்துச் சலவையில் எதிரே நின்ற சகோதரி கைக்குட்டைகளைத் தூக்கி அடிக்குந்தோறும் அழுக்குத் தண்ணீர் தெரேசம்மாள் முகத்தில் தெறித்தது. பின்வாங்கி முகத்தைத் துடைத்துக்கொள்ள முதலில் எண்ணினார். துடைத்தால் அந்தச் சகோதரிக்கு உறைத்திருக்கும். துடைக்காமல் நின்றார். நாளடைவில் அந்தத் தெளிப்பையே விரும்பக் கற்றுக்கொண்டார். இன்னொரு நாள் ராத்திரி, பேசக்கூடாத வேளையில், அவருடைய சிறு விளக்கை யாரோ தவறுதலாய் எடுத்துப் போய்விட்டார்கள். செய்ய எவ்வளவோ வேலை இருந்தது. கேட்கவும் கூடாது. இருட்டில் உட்கார்ந்திருந்தார். வசதியான பொருளை மாத்திரமல்ல, இல்லாமல் முடியாத பொருளையும் இழப்பதல்லவோ தரித்திர வார்த்தைப்பாடு என்று அந்த இருட்டில் அவருக்கு விளங்கிற்று. நம் வீட்டில் கரண்டு போகிறபோது நாம் யாரைத் திட்டுகிறோம் என்று நினைத்துப் பார்க்கலாம்.

தியான நேரத்தில் பின்னாலிருந்து ஒரு சகோதரி ஏதோ சத்தம் பண்ணிக்கொண்டேயிருந்ததையும் சொல்லுகிறார். இது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஏனென்றால், பொறுத்துக்கொள்ள முயன்றதில் தமக்கு வேர்த்துக் கொட்டியதாக ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கடைசியில் சத்தத்தைக் கேட்காமலிருக்கப் போராடுவதை விட்டுவிட்டு, நல்ல சங்கீதத்தைக் கேட்பதுபோல் அதைக் கவனித்துக் கேட்டு, அதையே சர்வேசுரனுக்கு ஒப்புக்கொடுத்தார். இவரைத்தான் 1925-ம் வருஷம் அர்ச்சியசிஷ்டவராகவும், 1927-ல் சவேரியாரோடுகூட மிஷன்களின் பாதுகாவலராகவும், 1997-ல் திருச்சபையின் வேதபாரகராகவும் பிரசித்தம் பண்ணினார்கள். மிஷன் நாட்டில் கால் வைக்காதவர் மிஷன்களுக்குப் பாதுகாவலர். சலவைத் தொட்டியண்டை நின்றவர் வேதபாரகர்.

அவர் எழுதினவற்றில் ஒன்றை மட்டும் மிகுந்த எச்சரிக்கையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஜன்னலண்டை யாரோ வைத்த ஒரு சிறு ஜாடி உடைந்து கிடந்தது. தெரேசம்மாள்தான் உடைத்தார் என்று நினைத்து நவசந்நியாசிகளின் தாயார் கண்டித்தார். அவர் தாம் அல்லவென்று சொல்லாமல், தரையை முத்திசெய்து, இனி ஜாக்கிரதையாயிருப்பேன் என்றார். அது அவருக்கு எளிதாயிருக்கவில்லை என்பதையும் எழுதியிருக்கிறார். இது அவர் தாமாய்த் தம்முடைய பங்கில் செய்த தியாகம். இதை எடுத்து இன்னொருவன் தலையில் வைக்க யாருக்கும் அதிகாரமில்லை. மற்றவன் கெடுத்த சரக்குக்கு ஓர் ஏழைப் பெண்ணின் கூலியில் பிடித்தம் பண்ணிவிட்டு, "தெரேசம்மாளைப்போல் பொறுத்துக்கொள்" என்று ஒரு மேஸ்திரியோ முதலாளியோ சொன்னால், அது ஞானமல்ல, அநியாயம். கூலியைக் குறைப்பது பரலோகத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்றென்று ஞானோபதேசம் சொல்லுகிறது. அந்தப் பெண் மரியாதையாய் வாய் திறந்து கேட்கலாம். பக்கத்தில் நிற்கிறவர்கள் அவளுக்காகக் கேட்கத்தான் வேண்டும்.

அதுபோலவே, அஜாக்கிரதைக்குத் தேவ சித்தம் என்று பேரிடுவதையும் விட்டொழிக்க வேண்டும். நம் பக்கத்தில் மருந்தும் குச்சியுமாய் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் பிழைக்கின்றன! ஒரு தீப்பொறி போதும். வாசலில் சரக்கு அடுக்கி வழியை மறைத்திருந்தால், மணல் வாளி காலியாயிருந்தால், மருந்து முக்கும் இடத்தில் கூடாததைச் செய்தால், பிறகு வருகிற விபத்துக்கு ஆண்டவரைச் சாட்சிக்கு இழுக்கக்கூடாது. சீலோவே கோபுரத்தில் செத்தவர்கள் குற்றவாளிகளல்ல என்றால், கோபுரத்தைச் செம்மையாய்க் கட்டவேண்டியவனுக்குக் கணக்கில்லை என்றாகுமா? இந்தச் சமயத்தில் ஒரு புத்தியும் சொல்லிவிடுகிறோம். யாருக்காவது தீக்காயம் பட்டால் மாவு, மை, பற்பசை ஒன்றும் பூச வேண்டாம். இருபது நிமிஷம் குளிர்ந்த நல்ல தண்ணீரைக் காயத்தின்மேல் ஓடவிடுங்கள். சுத்தமான துணியால் மேலாக மூடி, காயம் பெரிதானால் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஜெபத்தை வண்டியில் ஏறினபின் சொல்லிக்கொண்டே போகலாம்.

இனி நடைமுறைக்கு வருவோம். ராத்திரி ஜெபம் முடிந்தபின் அன்றைய இடைஞ்சல் ஒன்றை மட்டும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள், பெரிதாயிருக்க வேண்டியதில்லை. அது நடந்த முதல் நிமிஷத்தில் நான் என்ன சொன்னேன், யாரைப் பார்த்தேன், எதற்குப் பயந்தேன் என்று பாருங்கள். சரிப்படுத்தக்கூடிய காரியம் ஏதாவது இருந்தால் நாளைக்கே சரிப்படுத்துங்கள்: செருப்பைத் தைக்கிறது, மோட்டாரைப் பார்க்கிறது, கேஸை முன்கூட்டி எழுதி வைக்கிறது. வீட்டுத் தலைவர்கள் இதைப் பிள்ளைகளை நிறுத்திவைத்து விசாரணை பண்ணும் சந்தர்ப்பமாக்கிவிட வேண்டாம். தன் தன் கணக்கை அவனவன் மனதுக்குள் பார்த்தால் போதும்.

புதன்கிழமை பாத்திரம் கைதவறினதற்காகப் பிள்ளையை அடித்தீர்களா? சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அதைச் சொல்லத்தான் போகிறீர்கள். அதற்கு முன்னமே அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடலாமே. தூங்கிவிட்டதென்றால், காலையில் பள்ளிக்கூட வேன் வருவதற்குள் சொல்லலாம்.